டூல் ஏன் உடையுது? பெரம்பலூர் லேத் பட்டறையில ஒரு நோட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சில் வந்த சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)



இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்தோட ஆரம்பிச்சோம். ஆடியோ கேட்டவங்களுக்குத் தெரியும். முதல்ல சீரா ஒரு மோட்டார் ஓடுற சத்தம். நடுவுல "டக்"னு ஒரு அடி. அப்புறம் பல்லைக் கூசவைக்கிற மாதிரி ஒரு கிறீச். கடைசியா யாரோ ஓடிவந்து ஸ்விட்சை அணைக்கிறாங்க. அந்த "டக்" வேற ஒண்ணும் இல்ல, இரும்பை வெட்டுற ஒரு டூலோட முனை உடைஞ்ச சத்தம்.

பெரம்பலூர்ல ஒரு சின்ன லேத் பட்டறையில பதிவு பண்ணினது. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், அவ்வளவுதான் மொத்தப் பட்டறையும். நடத்துற அண்ணன் தன் பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதனால இந்த எபிசோடு முழுக்க அவர் "அண்ணன்"தான்.

நம்ம கேள்வி இதுதான்: ஒரு டூல் நல்ல டூலா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு ஆய்வகம் வேணுமா, இல்ல பட்டறையிலேயே முடியுமா? இந்தக் கேள்வியோட அமெரிக்காவுல ஒருத்தர் 26 வருஷம் மல்லுக்கட்டியிருக்கார். அவர் கதையும் வரும். ஆனா முதல்ல நம்ம ஊரு.

கல்லு இருக்கிற ஊர்ல லேத்துக்கு என்ன வேலை?

பெரம்பலூரும் அரியலூரும் முன்னாடி ஒரே மாவட்டமா இருந்தது. 2007ல இப்ப இருக்கிற மாதிரி தனித்தனியா பிரிஞ்சது. ரெண்டுமே கல்லை நம்பி இருக்கிற ஊருங்க, ஆனா ரெண்டு கல்லும் வேற வேற. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்தது, அதோட மிச்சம்தான் அது. அந்தக் கல்லாலதான் அங்க இத்தனை சிமெண்ட் ஆலைகள். அரசு சிமெண்ட் ஆலை 1979ல வந்தது, தனியார் ஆலைகளும் வரிசையா இருக்கு. பெரம்பலூர்ப் பக்கம் கருங்கல். குவாரி, கிரஷர், ஜல்லி.

கல்லு எங்க இருக்கோ அங்க தேய்மானம் இருக்கும். லாரியோட பின்னு, புஷ், கிரஷரோட ஷாஃப்ட்டு, கன்வேயர் ரோலர்னு எல்லாமே தூசியிலயும் அதிர்விலயும் தேயும். புது ஷாஃப்ட்டு வாங்கணும்னா காசும் ஆகும், நாளும் ஆகும். அதுவரைக்கும் கிரஷர் நிக்கும். அதனால தேஞ்சுபோன பேரிங் உட்கார்ற இடத்துல வெல்டிங் வெச்சு உலோகத்தை ஏத்துவாங்க. அப்புறம் லேத்துல மாட்டி, பழைய அளவுக்குக் கடைசல் பிடிப்பாங்க. அண்ணனோட வருமானத்துல பெரிய பங்கு இந்த வேலைதான்.

ஒரு டூலுக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடைக்காது. வெல்டு ஏத்தின இடம் மேடும் பள்ளமுமா இருக்கும். சுத்தும்போது டூல் ஒரு நொடி இரும்பை வெட்டும், அடுத்த நொடி காத்துல போகும், திரும்ப வந்து மோதும். நடுவுல கசடு மாட்டியிருக்கலாம். வெல்டிங் சூட்டுல சில இடம் மட்டும் கெட்டியாகியும் இருக்கும். கத்தியால வெண்ணெய் வெட்டுறதுக்கும், அதே கத்தியால கல் கலந்த வெல்லக்கட்டியைக் கொத்துறதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம்.

இரும்பை இரும்பு எப்படி வெட்டுது?

லேத் பார்க்காதவங்களுக்கு ஒரு நிமிஷத்துல சொல்லிடறேன். வேலைப் பொருளை, பட்டறையில "ஜாப்"னு சொல்லுவாங்க, அதை சக்ல மாட்டிச் சுத்த விடுவாங்க. டூல் சுத்தாது. அது பக்கவாட்டுல மெதுவா நகர்ந்துக்கிட்டே ஒரு படலத்தை உரிச்சு எடுக்கும். சுருள் சுருளா வெளிய வருதே, அதுதான் சிப்.

மூணு விஷயத்தை டர்னர் தன் கையில வெச்சிருக்கார். ஜாப் எவ்வளவு வேகமா சுத்துது, ஒரு சுத்துக்கு டூல் எவ்வளவு நகருது, எவ்வளவு ஆழமா வெட்டுது. வேகம், ஃபீட், டெப்த். இதுல வேகத்தை ஆர்பிஎம்ல மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்டு 300 ஆர்பிஎம்ல சுத்தினா, டூலுக்கு முன்னாடி நிமிஷத்துக்கு சுமார் 56 மீட்டர் இரும்பு ஓடுது. 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டு அதே ஆர்பிஎம்ல சுத்தினா 28 மீட்டர்தான். டூலுக்கு ஆர்பிஎம் தெரியாது. தன்னைத் தாண்டி எத்தனை மீட்டர் ஓடுதுங்கிறதுதான் அதுக்குத் தெரியும்.

டூலோட பெரிய எதிரி சூடு. உலோகம் வளைஞ்சு, கிழிஞ்சு, உரசி வர்றப்ப உண்டாகிற சூடெல்லாம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முனையில குவியும். பழைய கார்பன் ஸ்டீல் டூல் 200, 250 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே தளர ஆரம்பிச்சுடும். ஹை ஸ்பீட் ஸ்டீல், பட்டறை பாஷையில "எச்எஸ்எஸ்", ஏறக்குறைய 600 டிகிரி வரைக்கும் கெட்டித்தன்மையைப் பிடிச்சு வெச்சிருக்கும். கார்பைடு அதையும் தாண்டி நிக்கும். ஆனா கார்பைடு ஒரு விஷயத்துல கண்ணாடி மாதிரி. தேய்மானத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது.

இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கெட்டியா இருக்கிறது வேற, உடையாம இருக்கிறது வேற. ஒண்ணைக் கூட்டினா பெரும்பாலும் இன்னொண்ணு குறையும். டூல் டிசைன்னு சொல்றதே இந்த ரெண்டுக்கும் நடுவுல பேரம் பேசுறதுதான்.

26 வருஷம், முப்பதாயிரத்துக்கும் மேல சோதனை

இப்ப அமெரிக்கா போவோம். 1880, பிலடெல்பியா. மிட்வேல் ஸ்டீல்னு ஒரு ஆலை. அங்க ஃபிரெடெரிக் டெய்லர்னு ஒருத்தர். படிச்சுட்டு நேரா மேலாளரா வந்தவர் இல்ல, பட்டறையில பயிற்சி எடுத்து மெஷினிஸ்ட்டா வேலை பார்த்து மேல வந்தவர். அவருக்கு ஒரு கேள்வி. ஒரு ஜாப்பை எந்த வேகத்துல, எந்த ஃபீட்ல, எந்த டூலால வெட்டினா வேலை சீக்கிரம் முடியும்?

அப்ப இதுக்குப் பதில் ஒவ்வொரு டர்னரோட கையிலயும் இருந்தது. ஒருத்தர் சொல்றதுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் பொருத்தம் இருக்காது. டெய்லர் ஆறு மாசத்துல முடிச்சுடலாம்னு ஆரம்பிச்சார். 26 வருஷம் ஆச்சு. பதிவு பண்ணின சோதனைகள் மட்டும் 30,000க்கும் 50,000க்கும் நடுவுல. அதுக்காக வெட்டித் தள்ளின இரும்பு 8 லட்சம் பவுண்டு, அதாவது 360 டன்னுக்கும் மேல. 1906ல எல்லாத்தையும் தொகுத்து அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல வெளியிட்டார்.

ஏன் இவ்வளவு காலம்? 12 விஷயங்கள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்தது. உலோகத்தோட தன்மை, டூலோட உலோகம், முனையோட வடிவம், ஆழம், ஃபீட், தண்ணி ஊத்துறதுன்னு ஒரு பட்டியல். அவர் பிடிச்ச வழி இதுதான்: ஒண்ணை மட்டும் மாத்து, மத்த பதினொண்ணையும் அசையவிடாதே. சொல்ல லேசு. செய்யறப்பதான் உயிர் போகும். ஒரே மாதிரி இரும்பு வேணும்னு பெரிய பெரிய கட்டிகளா வாங்கி வெச்சு வெட்டினார்.

கிடைச்சதுல சிலது ரொம்ப எளிமை. கூர்முனை டூலைவிட வளைஞ்ச முனை டூல் அதிக வேகம் தாங்கும். வெட்டுற இடத்துல தண்ணியைத் தாராளமா ஊத்தினா வேகத்தை 40 சதவீதம் வரைக்கும் கூட்டலாம். சிலது யாருமே எதிர்பார்க்காதது. டூல் ஸ்டீலை ஒரு அளவுக்கு மேல சூடாக்கினா "எரிஞ்சுபோச்சு", இனிமே உதவாதுன்னு எல்லாப் பட்டறையும் நம்பிட்டிருந்தது. பெத்லஹேம் ஸ்டீல்ல டெய்லரும் மௌன்செல் ஒயிட்டும் அந்த எல்லையைத் தாண்டி, உருகுற நிலைக்குப் பக்கம் வரைக்கும் சூடாக்கிப் பார்த்தாங்க. டூல் முதல்ல மோசமாச்சு. இன்னும் சூடாக்கினப்ப முன்னைவிடப் பல மடங்கு நல்லா வந்தது. அந்த முறையில பதப்படுத்தின டூல்தான் ஹை ஸ்பீட் ஸ்டீலோட தொடக்கம். 1900ல பாரிஸ் கண்காட்சியில அதை ஓட்டிக் காட்டினப்ப, சிப் நீல நிறமா வந்துச்சு. டூல் சூட்டுல சிவந்துபோயும் வெட்டிட்டே இருந்துச்சு.

டெய்லர் விட்டுட்டுப் போன இன்னொரு சொத்து ஒரு சமன்பாடு. பயப்படாதீங்க, விஷயத்தை மட்டும் சொல்றேன். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினா டூலோட ஆயுள் கொஞ்சமா குறையாது, ரொம்பக் குறையும். கார்பைடு டூலுக்குப் பொதுவா எடுத்துக்கிற கணக்குப்படி, வேகத்தை 20 சதவீதம் கூட்டினா ஆயுள் பாதியாயிடும். எச்எஸ்எஸ் டூலுக்கு நாலுல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். "கொஞ்சம் வேகமா ஓட்டினேன், அதுக்குள்ள முனை போயிடுச்சு"ன்னு புலம்பாத டர்னர் இல்ல. அந்தப் புலம்பலுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு இதுதான்.

நம்ம பட்டறையில "விடியா"

ஹை ஸ்பீட் ஸ்டீலுக்கு அடுத்த தாவல் 1920கள்ல ஜெர்மனியில நடந்தது. பல்பு கம்பெனியான ஆஸ்ராம்ல கார்ல் ஷ்ரோட்டர்னு ஒருத்தர், டங்ஸ்டன் கார்பைடு பொடியை கோபால்ட் பொடியோட கலந்து, அழுத்தி, சுட்டு எடுத்தார். ஏறக்குறைய செங்கல் சூளை வேலைதான், சூடு மட்டும் ரொம்ப அதிகம். க்ரூப் கம்பெனி அதை வாங்கி ஒரு பேர் வெச்சது: "விடியா". ஜெர்மன்ல "வைரம் மாதிரி"ங்கிற சொற்களைச் சுருக்கினது.

அந்த வார்த்தை பெரம்பலூர் பட்டறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. எந்தக் கம்பெனி கார்பைடா இருந்தாலும் அண்ணனுக்கு அது "விடியா டிப்"தான். ஜெராக்ஸ் மாதிரி. நம்ம மாநிலத்துக்கும் இந்தத் தொழில்ல ஒரு பழைய பேர் உண்டு. சென்னையோட அடிசன் கம்பெனி 1873ல தொடங்கினது, பின்னாடி வெட்டுக் கருவிகள் தயாரிப்புக்கு வந்தது. அண்ணன் மேஜை டிராயர்ல அடிசன் டிரில் பிட்டு ஒரு டப்பா நிறைய இருக்கு.

இப்ப கடையில கிடைக்கிற இன்சர்ட்டு மேல ஒரு கோடு இருக்கும். "சிஎன்எம்ஜி 120408"னு. பாஸ்வேர்டு மாதிரி தெரியும், ஆனா அது ஜாதகம். முதல் எழுத்து வடிவம், 80 டிகிரி சாய்சதுரம். 12ன்னா வெட்டு விளிம்போட நீளம், மில்லிமீட்டர்ல. 04 தடிமனைக் குறிக்குது. கடைசி 08தான் முனையோட வளைவு, 0.8 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு முனை. ஒண்ணு போனா திருப்பிப் போட்டுக்கலாம்.

முனை வளைவு சின்ன விஷயமாத் தெரியும். ஆனா ஒரே ஃபீட்ல, 0.4 வளைவை 0.8 ஆக்கினா ஜாப் மேல விழுற வரிகளோட உயரம் கணக்குப்படி பாதியாகும். ஃபினிஷ் நல்லா வரும், முனையும் பலமா இருக்கும். ஆனா டூல் ஜாப்பைத் தள்ளுற விசை கூடும், மெலிஞ்ச ஷாஃப்ட்டு அதிர ஆரம்பிக்கும். பேரம்னு சொன்னேன்ல, அதுதான் இது.

டப்பா மேல நிறமும் எழுத்தும் இருக்கும். பி, நீலம்னா ஸ்டீலுக்கு. கே, சிவப்புன்னா வார்ப்பிரும்புக்கு. பக்கத்துல வர்ற எண் சின்னதா இருந்தா தேய்மானம் தாங்குற ரகம், பெருசா இருந்தா அடி தாங்குற ரகம். வெல்டு ஏத்தின ஷாஃப்ட்டுக்குப் பி10 போட்டா சீக்கிரம் உடையும். பி30, பி40 பக்கம்தான் போகணும். இது அண்ணனுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் உடைஞ்சது. அங்கதான் கதை ஆரம்பிக்குது.

பட்டறையில பேசினது

பதிவு பண்ணின பேச்சுல இருந்து ஒரு பகுதி.

"அண்ணே, ஒரு ஷாஃப்ட்டுக்கு எத்தனை முனை போகும்?"

"நல்ல நாள்ல ஒண்ணு தம்பி. கெட்ட நாள்ல மூணு கூடப் போகும். முனை போனா பரவாயில்ல, உடையறப்ப ஜாப்ல ஒரு குழி போட்டுட்டுப் போகுது பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். திரும்ப வெல்டு வெச்சு, திரும்ப கடைசல்."

"இன்சர்ட்டு மாத்திப் பார்த்தீங்களா?"

"மூணு கம்பெனி மாத்திட்டேன். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. வெல்டிங்தான் சரியில்லை. அந்தப் பையன் கசடைத் தட்டாம அடுத்த லேயர் போடுறான். ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டேன். அடுத்த மாசத்துல இருந்து வேற ஆளைப் பார்க்கலாம்னு இருக்கேன்."

வெல்டிங் பண்ற தம்பி அப்ப பட்டறை வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தார். ஒண்ணும் பேசலை.

நான் இன்ஜினியரிங் படிச்சப்ப லேப்ல டூல் ஆயுள் சோதனை ஒண்ணு பண்ணியிருக்கேன். அந்தப் பழக்கத்துல கேட்டேன், "உடையற ஒவ்வொரு தடவையும் எங்க உடைஞ்சதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" அண்ணன் சிரிச்சார். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். எழுத வேண்டியது ஆறே ஆறு: தேதி, ஷாஃப்ட்டோட விட்டம், ஆர்பிஎம், டெப்த், டூல் போஸ்ட்ல இருந்து டூல் எத்தனை மில்லிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, முனை எந்த இடத்துல உடைஞ்சது. உடைஞ்ச இன்சர்ட்டைத் தூக்கிப் போடாம சின்ன கவர்ல போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொன்னேன்.

உடைஞ்ச முனையே பாதிக் கதையைச் சொல்லிடும். கீழ்ப் பக்கவாட்டுல சீரா ஒரு பட்டை மாதிரி தேஞ்சிருந்தா அது இயற்கைச் சாவு. சோதனை முறைகளுக்கான ஐஎஸ்ஓ 3685 தர விதியில, அந்தப் பட்டை சராசரி 0.3 மில்லிமீட்டர் ஆனா முனை முடிஞ்சதுன்னு வெச்சுக்கிறாங்க. மேல்புறம் குழி விழுந்திருந்தா வேகமும் சூடும் அதிகம். இரும்பு முனையிலேயே ஒட்டி மேடாகியிருந்தா பெரும்பாலும் வேகம் குறைவு. சில்லு சில்லா பெயர்ந்திருந்தா அடி, அதிர்வு. இதைப் பார்க்கப் பெரிய மைக்ராஸ்கோப் வேண்டாம். போன்ல மாட்டுற லென்ஸ் போதும். அளவு தெரிய, ஃபில்லர் கேஜோட 0.30 தகட்டை விளிம்பு தெரியற மாதிரி பக்கத்துல வெச்சு ஒரே போட்டோ எடுத்தா போச்சு.

ஆறு வாரம் கழிச்சுப் போனேன். நோட்டுல 14 உடைசல் இருந்துச்சு. கவர்ல இருந்த இன்சர்ட்டுகள்ல தேய்மானம்னு சொல்ற மாதிரி எதுவுமே இல்ல, எல்லாம் சில்லு பெயர்ந்தது. ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் பேரிங் இடம் இருக்கு. ரெண்டுலயும் வெல்டு வெச்சது அதே தம்பி. ஆனா 14ல 11 உடைசல் டெயில் ஸ்டாக் பக்கம்.

வெல்டிங் மோசம்னா ரெண்டு பக்கமும்தானே உடையணும்?

நீட்டம் எழுதின வரிசையைப் பார்த்தோம். சக் பக்கம் 40 மில்லிமீட்டர். டெயில் ஸ்டாக் பக்கம் 60. காரணம் எந்த டர்னரைக் கேட்டாலும் சொல்லுவார். ஷாஃப்ட்டோட அந்த முனையைத் தொடறதுக்கு முன்னாடியே கேரேஜ் போய் டெயில் ஸ்டாக்ல இடிக்கும். இடிக்காம இருக்க டூலைக் கொஞ்சம் வெளிய இழுத்து மாட்டிடுவாங்க. 20 மில்லிமீட்டர்தானே?

அந்த 20 மில்லிமீட்டர்தான் விஷயம். ஒரு முனையில பிடிச்ச கம்பி எவ்வளவு வளையும்ங்கிறது நீளத்தோட கன அளவுல போகும். நீச்சல் குளத்துல டைவிங் பலகை மாதிரி. 40ஐ 60 ஆக்கினா நீளம் ஒன்றரை மடங்கு, வளைவு மூணு மடங்குக்கும் மேல. வெல்டு மேட்டுல மோதுறப்பல்லாம் டூல் குதிக்குது. கார்பைடு அந்த ஆட்டத்தைத் தாங்காது.

அப்புறம் செஞ்ச சோதனை ரொம்ப எளிமை. அதே கம்பெனி இன்சர்ட்டு, அதே ஆர்பிஎம், அதே ஃபீட், அதே வெல்டர். மாத்தினது ஒண்ணே ஒண்ணு. டெயில் ஸ்டாக்கைப் பின்னாடி தள்ளி, அதோட பேரலைக் கொஞ்சம் முன்னாடி விட்டு, டூல் போஸ்ட்டைச் சாய்ச்சு வெச்சு, நீட்டத்தை 40க்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆறு ஷாஃப்ட்ல அந்தப் பக்கம் ஒரே ஒரு முனைதான் உடைஞ்சது. அந்த ஒண்ணுல நிஜமாவே கசடு இருந்துச்சு.

ஆறு ஷாஃப்ட்டை வெச்சு உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனா ஒரு பட்டறை அடுத்து என்ன செய்யணும்னு முடிவெடுக்க அது போதும். அதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது மாற்றம். வெல்டு தொடங்குற விளிம்புல கிரைண்டரால ஒரு சாய்வு போட்டு, டூல் மெதுவா உள்ள நுழையற மாதிரி செஞ்சார். முதல் கட்டையே வெல்டோட கெட்டித் தோலுக்குக் கீழ போற ஆழத்துல கொடுத்தார். ரெண்டையும் ஒரே நாள்ல சேர்த்து மாத்தாம, தனித்தனியா எழுதி மாத்தினார். நான் சொல்லலை, அவரே.

விலை குறைஞ்ச டூல் லாபமா?

கேட்கிறவங்க மனசுல இருக்கிற கேள்வி இது. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

100 ரூபா இன்சர்ட்டு, நாலு முனை, ஒரு முனைக்கு 25 ரூபா. ஒரு முனையில 10 ஜாப் வருதுன்னு வைங்க. 240 ரூபா இன்சர்ட்டுல ஒரு முனை 60 ரூபா, 30 ஜாப் வருது. லேத் ஓடற செலவு, ஆள் கூலி எல்லாம் சேர்த்து நிமிஷத்துக்கு 5 ரூபா. முனை மாத்த 4 நிமிஷம், அதாவது 20 ரூபா. ஒரு ஜாப் வெட்ட 6 நிமிஷம், 30 ரூபா.

விலை குறைஞ்சதுல ஒரு ஜாப்புக்கு: வெட்ட 30, முனை 2.50, மாத்த 2. மொத்தம் 34.50. விலை கூடினதுல: 30, முனை 2, மாத்த 67 பைசா. மொத்தம் 32.67. சரி, எதிர்பார்த்ததுதான்.

இப்ப அந்த நல்ல இன்சர்ட்டை 20 சதவீதம் வேகமா ஓட்டுவோம். ஆயுள் பாதியாயிடும்னு டெய்லர் சொல்லிட்டார். ஜாப் 5 நிமிஷத்துல முடியும், ஆனா முனைக்கு 17 ஜாப்தான் வரும். வெட்ட 25, முனை சுமார் 3.50, மாத்த சுமார் 1.20. மொத்தம் 29.70. முனை சீக்கிரம் தேஞ்சும் செலவு குறையுது! செலவுல பெரும்பகுதி நேரம்தான், இன்சர்ட்டு இல்ல. அதனால "ரொம்ப நாள் உழைக்கிற டூல்தான் நல்ல டூல்"னு சொல்லிட முடியாது. ஒரு ஜாப்புக்கு மொத்தம் என்ன ஆகுதுன்னு பார்க்கணும். ஆனா கவனம், இது சீரா தேயற டூலுக்கான கணக்கு. அடி வாங்கி உடையற டூலை வேகமா ஓட்டினா இன்னும் சீக்கிரம்தான் உடையும். எது தேயுது, எது உடையுதுன்னு முதல்ல பிரிக்கச் சொல்றது அதனாலதான்.

பட்டறைக்குப் போய்ச் சோதிக்கப் போற தம்பி தங்கச்சிகளுக்கு மூணு எச்சரிக்கை. ஓடற லேத்துப் பக்கம் கையுறை போடாதீங்க, சிப் மாட்டினா கையோட இழுத்துடும். கண்ணாடி இல்லாம நிக்காதீங்க. கார்பைடைச் சாணை பிடிக்கிறப்ப மாஸ்க் வேணும், கோபால்ட் கலந்த தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அப்புறம் ஒரு டிப்ஸ்: எச்எஸ்எஸ் டூலைச் சாணை பிடிச்சுத் தண்ணியில முக்கலாம். சூடான கார்பைடை முக்கினா மயிரிழை விரிசல் விழும். அதுவும் ஒரு "காரணம் தெரியாத" உடைசல்தான்.

நோட்டு யார் கையில இருக்கு?

டெய்லர் கதையில நான் ஒரு பாதியைத்தான் சொன்னேன். அவர் இத்தனை சோதனை செஞ்சது தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் இல்ல. எந்த வேகத்துல ஓட்டணும்ங்கிற முடிவை டர்னர் கையில இருந்து எடுத்து, நிர்வாகத்தோட திட்டப் பிரிவுகிட்ட கொடுக்கணும்னு நினைச்சார். சோதனை முடிவுகளை வெச்சு ஸ்லைடு ரூல் செஞ்சாங்க. அங்கிருந்து எழுதி வர்ற சீட்டுப்படி டர்னர் ஓட்டணும். கூடவே ஸ்டாப்வாட்ச் வந்துச்சு. 1911 ஆகஸ்ட்ல வாட்டர்டவுன் அரசு ஆயுத ஆலையில, தங்களை ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்ததை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளிகள் வேலையை விட்டு வெளிய வந்தாங்க. அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் விசாரணை போச்சு.

சோதனை முறை ஒண்ணுதான். ஆனா நோட்டு மேலாளர் மேஜையில இருந்தா, அது தொழிலாளியை விரட்டுற சாட்டையாகவும் ஆகலாம். பெரம்பலூர் மாதிரி ஊர்ல முதலாளியும் டர்னரும் ஒரே ஆளு. அங்க நோட்டு வெட்டுறவர் கையிலேயே இருக்கு. அது அவருக்கு என்ன செஞ்சது? இன்சர்ட்டுச் செலவு குறைஞ்சதைவிடப் பெருசா ஒண்ணு செஞ்சது. தப்பு செய்யாத ஒரு பையனோட வேலையைக் காப்பாத்துச்சு.

நான் கிளம்பறப்ப அண்ணன் அந்தத் தம்பியைக் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கலை, நம்ம ஊர்ல யார் அப்படிக் கேட்கிறாங்க? நோட்டை அவர் கையில கொடுத்து, "இனிமே வெல்டு வைக்கிறப்ப எந்த ராடு, எத்தனை ஆம்பியர்னு நீயும் இதுல எழுதுடா"ன்னார். தம்பி வாங்கிப் புரட்டிப் பார்த்துட்டு, அந்த 11 வரியையும் விரலால எண்ணினார். அப்புறம் சட்டைப் பையில இருந்த பேனாவை எடுத்தார்.

ஐடிஐயிலயோ பாலிடெக்னிக்லயோ படிக்கிறவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்க ஒர்க்‌ஷாப்ல அடுத்து உடையற டூலைக் குப்பையில போடாதீங்க. கவர்ல போட்டுத் தேதி எழுதுங்க. பத்து சேர்ந்ததும் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. எது தேஞ்சது, எது உடைஞ்சதுன்னு அடுத்து ஒரு எபிசோடுல சேர்ந்தே பிரிச்சுப் பார்ப்போம்.

அதுவரைக்கும், டாட்டா!